சிவப்புப் பேனை

சுன்சொன், தென் கொரியா,
ஏப்ரல் 14

அன்பின் மச்சான்,

வந்து ஏழு கிழமையாகிறது, இப்போதுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். கோபிக்காதே. வதிவிட அட்டை கைக்கு வரும்வரை வங்கிக் கணக்கும் இல்லை, என் பெயரில் ஒழுங்கான போன் இணைப்பும் இல்லை. பள்ளிக்கூடம் வேறு மார்ச் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. இங்கே கல்வியாண்டு அப்போதுதான் தொடங்கும்.

குளிரைப் பற்றி அம்மா கேட்டால், ஸ்கார்பரோவில் பனி வழித்தவனுக்கு இது ஒன்றுமில்லை என்று சொல். வீட்டுத் தரைக்கடியில் சுடுநீர்க் குழாய் ஓடுகிறது, ஒன்டொல் என்கிறார்கள். கட்டில் சும்மா கிடக்க, நான் நிலத்தில்தான் படுக்கிறேன்.

படிப்பிப்பது நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. கனடாவிலிருந்து ஆசிரியர் வருகிறார் என்றதும் வேறு முகத்தை எதிர்பார்த்திருப்பார்கள் போல. ஆனால் அந்த ஆச்சரியம் அரை மணித்தியாலம்கூட நிற்கவில்லை. என் பெயரின் நீளம்தான் அவர்களுக்குப் பெரிய விஷயமாகிவிட்டது. இங்கே குடும்பப் பெயரோடு சேர்த்தே பெரும்பாலும் மூன்று எழுத்துக் கட்டங்களில், அசைக்கு ஒரு கட்டமாக, பெயர் முடிந்துவிடும். என்னுடையதைக் கரும்பலகையில் எழுதி ஒவ்வொரு கட்டமாக எண்ணினார்கள். கடைசியில் எல்லாரும் கூப்பிடுவது 'சொன்செங்நிம்', அதாவது ஆசிரியர். அதுவும் சரிதான், நாங்கள் எந்த வாத்தியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம்?

அப்புறம் ஒரு பிழை விட்டேன். மூன்றாம் கிழமை, பயிற்சிக் கொப்பிகளின் மட்டையில் பிள்ளைகளின் பெயரை நானே எழுதிக்கொடுத்தேன், சிவப்புப் பேனையால். கொரிய எழுத்தில் எழுதப் பழகிவிட்டேன் என்று ஒரு பெருமை. கொப்பியை வாங்கிய பிள்ளைகள் ஒரு சத்தமும் போடவில்லை. ஒருத்தி மட்டும் பெயரைக் கையால் மூடிக்கொண்டாள். என்னோடு சேர்ந்து படிப்பிக்கும் ஆசிரியை இடைவேளையில் மெதுவாகச் சொன்னார்: சிவப்பில் பெயர் எழுதினால் சாவை நினைப்பார்களாம். விடையைத் திருத்தச் சிவப்பு பாவிக்கலாம், பெயருக்கு மட்டும் கூடாது. அன்று பின்னேரம் எல்லா மட்டையையும் மாற்றி நீலத்தில் எழுதினேன். விமானம் ஏறுமுன் எத்தனையோ வாசித்தேன் மச்சான், இது ஒன்றும் கண்ணில் படவில்லை.

எழுத்துப் படிப்பது மட்டும் எனக்குச் சுகமாக இருந்தது. 1446இல் செஜொங் மன்னர் வெளியிட்ட எழுத்து. அடிப்படை எழுத்துகள் 24தான். இறைச்சிக்கு 'கொகி' என்பார்கள். இரண்டு இடத்திலும் ஒரே எழுத்து, ஆனால் சொல்லின் முதலில் வல்லோசை, நடுவில் மெல்ல இறங்கிவிடும். கூடப் படிக்கும் வெள்ளைக்காரர்கள் ஒரு எழுத்துக்கு எப்படி இரண்டு சத்தம் என்று தலையைப் பிய்க்கிறார்கள். 'கடல்', 'பகல்' என்று எழுதி வளர்ந்த எனக்கு அதில் என்ன புதினம்? அதற்காகத் தமிழும் கொரியமும் ஒரே தாய்ப் பிள்ளைகள் என்று யாராவது வட்ஸ்அப்பில் அனுப்பினால் எனக்கு அனுப்பாதே.

காலையில் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் 'பாப் மொகொஸ்ஸொயோ?' என்று கேட்பார்கள். சோறு சாப்பிட்டீர்களா என்று அர்த்தம். உண்மையில் விபரம் கேட்கவில்லை என்பது மற்ற வெளிநாட்டுக்காரர்களுக்குப் பிடிபடக் கொஞ்சக் காலம் எடுத்ததாம். நான் முதல் நாளே, ஒன்றும் சாப்பிடாமல், 'ஓம், சாப்பிட்டன்' என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். வாய் பழக்கம்.

ஒரு உதவி. மதியச் சாப்பாட்டில் சிவப்பாக எது வந்தாலும் 'உறைக்கும், கவனம்' என்று எச்சரிக்கிறார்கள். அது எனக்கு உறைப்பே இல்லை. அடுத்த பொதியில் யாழ்ப்பாணத் தூள் ஒரு பைக்கற் வைத்து அனுப்பு. அந்த ஆசிரியைக்கும் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கப் போகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்