வள்ளியம்மையைப் பற்றி ஒரு மாணவி கேட்டது

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி தேவலை என்று படித்ததும்தான் நிம்மதி. 'அந்தப் பன்னாட்டுப் பள்ளியில் சரித்திரம் எப்படித்தான் நடத்துகிறாய்?' என்று கேட்டிருந்தாய். எழுத வேண்டும் என்று நானே நினைத்துக்கொண்டிருந்த விஷயம்.

இங்கே நடத்துவது ஐபி டிப்ளமோ, அதாவது இன்டர்நேஷனல் பேக்கலாரியேட் என்ற பன்னாட்டுப் பாடத்திட்டம். நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி இரண்டு வருஷப் படிப்பு. ஆனால் டாக்டராக நினைக்கிற பிள்ளையும் சமூகப் பாடத்தை அடியோடு விட்டுவிட முடியாது. ஆறு பாடங்களில் ஒன்று 'தனிமனிதரும் சமூகங்களும்' என்ற தொகுதிக்கு உரியது. வரலாறு, பொருளியல், புவியியல், உளவியல், மெய்யியல், மானிடவியல் எல்லாம் அதில் உண்டு. சுற்றுச்சூழல் பாடத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். பெற்றோர் பலர் பொருளியலையே கேட்கிறார்கள். என் வகுப்பில் ஏழே பேர்.

வரலாற்றின் முதல் தாளில் நான்கு சான்றுகளைக் கொடுப்பார்கள். எங்கிருந்து வந்தது, எதற்காக எழுதப்பட்டது, எதுவரை நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்று பிள்ளைகள் எழுத வேண்டும். தென்னாப்பிரிக்க நிறவெறியும் பாடத்தில் வரும். 1960 மார்ச் 21, ஷார்ப்வில் என்ற ஊர். போராடக் கூடிய கறுப்பின மக்களைப் போலீஸ் சுட்டு 69 பேர் இறந்தார்கள். கூட்டம் தாக்க வந்தது என்றது போலீஸ். குண்டடி பட்டவர்களில் பலருக்கு முதுகில் காயம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

அதற்கு அப்புறம்தான் ஒரு மாணவி, காந்தியின் தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மையை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொருவரும் 2,200 சொல்லுக்குள் சொந்தமாக ஓர் ஆய்வு எழுத வேண்டும், அதற்காக. சிறைக்குப் போனதற்கு வருந்துகிறாயா என்று காந்தி கேட்க, இப்போதும் போகத் தயார் என்றாளே, அந்தப் பேச்சை நாம் எத்தனை வருஷம் நடத்தியிருப்போம்! மாணவி கேட்டாள்: "சார், இதை யார் எழுதி வச்சாங்க?" காந்திதான். எப்போது? வள்ளியம்மை இறந்தது 1914 பிப்ரவரியில், 16 வயதில். தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரக நூலை அவர் எழுதத் தொடங்கியது 1923 கடைசியில், எரவாடா சிறையில். நேரில் பார்த்தவர் என்பது அந்தச் சான்றின் பலம். இடையில் கிட்டத்தட்ட பத்து வருஷம் ஓடியிருக்கிறது, அது ஒரு குறை. காந்தி அங்கே நடத்திய 'இந்தியன் ஒபினியன்' பத்திரிகையைப் பார்க்கலாமே என்றேன். "அதுவும் இயக்கத்தோட பத்திரிகைதானே சார்? ஜெயில் தரப்புல என்ன எழுதியிருக்காங்க?" என்றாள்.

வள்ளியம்மை மேல் எனக்கிருந்த மரியாதை இதனால் ஒரு துளியும் குறையவில்லை. நோயில் கிடந்த ஒரு பெண்ணின் குரல் எத்தனை கை மாறி நம்மிடம் வந்திருக்கிறது என்று நினைத்தபோது நெஞ்சு கனத்தது. இருபது வருஷம் நான் நோட்ஸ் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள். ஒருவரையாவது இப்படிக் கேட்க விட்டிருக்கலாம்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. இங்கே கட்டுகிற கட்டணத்தை உன் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டில் கனவிலும் நினைக்க முடியாது. ஆனால் இந்தக் கேள்விகளுக்குக் காசு வேண்டாமே! உன் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பீரியட் ஒதுக்கிப் பார். ஷார்ப்வில் பக்கங்களைத் தமிழில் எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன், ஜெராக்ஸ் போட்டுக்கொள். பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று அவர்கள் வார்த்தையிலேயே எனக்கு எழுது.

உன் அன்பு நண்பன்