சொகுசுக் கார் சீட்டுக்கு எலுமிச்சையும் சோடாவும் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், காரின் உட்புறத்தை வீட்டில் இருக்கும் பொருட்களாலேயே பளிச்சென்று ஆக்கலாம் என்று வந்த குறிப்புகளைப் படித்துவிட்டு எழுதுகிறேன். எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைக் கலந்து சீட்டைத் துடைக்கச் சொல்லியிருந்தீர்கள், அப்புறம் தோல் காயாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய், டாஷ்போர்டு கீறலுக்குப் பற்பசை. பழைய ரெக்சின் சீட்டுக்கு இதனால் பெரிய நஷ்டம் வந்துவிடாது. ஆனால் கூடவே போட்டிருந்த படம் வெளிர் பழுப்பு நிறத் தோல் சீட் உள்ள ஒரு விலை உயர்ந்த கார். அதைப் பார்த்து யாராவது இந்த வாரமே செய்து பார்த்திருப்பார்களோ என்று எனக்குப் பதைப்பாக இருக்கிறது.

நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் பினிஷிங் பிரிவில் 26 வருடம் வேலை பார்த்தவன். இப்போது மகன் சென்னையில் காரின் உட்புறத்தை மட்டும் சுத்தம் செய்து தரும் கடை வைத்திருக்கிறான், வாரத்தில் 3 நாள் நானும் அங்கே இருப்பேன்.

தோலுக்கு எண்ணெய் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதைத் தொழிற்சாலையிலேயே டிரம்முக்குள் போட்டு முடித்துவிடுகிறோம். பதனிட்டுச் சாயம் ஏற்றும் கட்டத்தில், தண்ணீரில் பால்போலக் கலந்துவிடும் ஒரு வகை எண்ணெயை ஊற்றித் தோலை உருட்டுவோம், ஃபேட் லிக்கர் என்று பெயர், அது நார்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு எங்கள் பிரிவுக்கு வரும். நிறம் கலந்த கோட் அடிப்போம், கடைசியில் அதன்மேல் நிறமில்லாத டாப் கோட், பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகை. எல்லாக் கோட்டும் சேர்ந்தாலே ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்குத்தான் இருக்கும். இன்று வரும் தோல் சீட்டுகளில் பெரும்பாலானவற்றில் நம் கை படுவது மாட்டுத் தோலின் மேல் அல்ல, இந்தப் படலத்தின் மேல். மேலே தடவுகிற தேங்காய் எண்ணெய் அதைத் தாண்டி உள்ளே போகாது. மேலேயே நின்று தூசியைப் பிடிக்கும், நாளாக ஆக டாப் கோட்டையே இளக்கிவிடும். நம் ஊர்க் கார்களில் தலை சாய்க்கும் இடமும் ஸ்டீயரிங்கும்தான் முதலில் பிசுபிசுத்து உரிய ஆரம்பிக்கும், ஒன்றில் தலை எண்ணெய், இன்னொன்றில் கை வியர்வை. 2020க்குப் பிறகு சானிடைசரும் சேர்ந்துகொண்டது, கையில் ஈரம் காய்வதற்குள் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் அதில் இருக்கும் ஆல்கஹால் கோட்டைத் தின்னும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். கார் சீட் புதிதாக வரும்போது பெரும்பாலும் மங்கலாக, பளபளப்பு இல்லாமல்தான் இருக்கும். அப்படித்தான் அதைச் செய்கிறார்கள். பிறகு அது பளபளத்தால் அங்கே எண்ணெய் அழுக்கு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். வாடிக்கையாளர்கள் வந்து "நல்லா ஷைன் வரணும்" என்று கேட்கிறார்கள், அதற்காகவே சிலிகான் கலந்த பாலிஷை அடித்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். டாஷ்போர்டில் அதை அடித்தால் வெயிலில் அதன் பிரதிபலிப்பு முன் கண்ணாடியில் விழுந்து ஓட்டுகிறவர் கண்ணைக் கூசும். ஸ்டீயரிங்கிலோ பிரேக் பெடலிலோ பட்டுவிட்டால் வழுக்கும், அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

சரி, எலுமிச்சைக்கும் சோடாவுக்கும் வருகிறேன். பதனிட்ட தோலின் இயல்பு அமிலப் பக்கம், பிஹெச் அளவில் 4க்கு அக்கம்பக்கத்தில் இருக்கும். பிஹெச் என்பது அமிலமா காரமா என்று காட்டும் எண், 7 என்றால் நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் சோப்பு, சுண்ணாம்பு மாதிரி காரம். எலுமிச்சைச் சாறு 2, சமையல் சோடாக் கரைசல் 8க்கு மேல், குளிக்கிற சோப்பு 9, 10 வரை போகும். கார் கழுவும் இடங்களில் எல்லாவற்றுக்கும் ஒன்று என்று வைத்திருக்கும் ஆல் பர்ப்பஸ் கிளீனர் தண்ணீர் கலக்காமல் இருந்தால் 11, 12 இருப்பது சாதாரணம். இந்தக் கணக்கில் ஒவ்வொரு எண்ணும் முந்தியதைப்போலப் 10 மடங்கு என்பதை மறக்கக் கூடாது. எலுமிச்சையும் சோடாவும் சேர்ந்தால் நுரை பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பொங்குவது வெறும் கரியமில வாயு, ஒன்றை ஒன்று முறித்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது உப்புத் தண்ணீர். அந்த உப்பு தையல் ஓட்டையிலும் சுருக்கத்திலும் போய்க் காயும். கரையாத சோடாத் துகளும் பற்பசையும் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். மேஜிக் ஸ்பாஞ்ச் என்று விற்கும் வெள்ளைப் பஞ்சும் அப்படித்தான், அழுக்கு போகும், கூடவே கோட்டும் போகும்.

மஞ்சளைப் பற்றிக் குறிப்பாக எழுத வேண்டும், ஏனென்றால் ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் எங்கள் கடைக்கு வரும் புகாரில் பாதி இதுதான். ஸ்டீயரிங்கிலும் டாஷ்போர்டிலும் மஞ்சள், சந்தனம், குங்குமம் வைப்பார்கள், அது வியர்வையோடு சேர்ந்து வெளிர் நிறச் சீட்டுக்கு வந்துவிடும். உடனே சோப்புத் தண்ணீரில் தேய்ப்பார்கள், மஞ்சள் கறை சிவப்பாக மாறிவிடும். மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும், மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதே அந்தக் குணத்தை வைத்துத்தானே. மஞ்சள் கறைக்கு நடுநிலையான, அதாவது பிஹெச் 7க்குப் பக்கத்தில் உள்ள தோல் கிளீனரை மென்மையான பிரஷ்ஷில் எடுத்துத் துடைத்துவிட்டு, மிச்சம் இருக்கும் லேசான மஞ்சளை வெயிலுக்கு விட்டால் போதும். வெளிச்சத்தில் மஞ்சள் நிறம் தானாக வெளிறும், வீட்டில் வேட்டியில் பட்ட சாம்பார் கறையை வெயிலில் காயப்போடுகிறோமே, அதே கதை.

கடையில் எதை வாங்குவது என்று கேட்பவர்களிடம், காரின் விலையைப் பார்த்து வாங்காதீர்கள், கை வைக்கிற இடம் என்ன பொருள் என்று பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். ஒரே சீட்டிலேயே உட்காரும் பகுதி தோலாகவும் பக்கவாட்டும் பின்புறமும் செயற்கையாகவும் இருக்கும், விலை உயர்ந்த கார்களிலும் இது உண்டு. மெர்சிடிஸ் ஆர்ட்டிகோ என்பதும், பி.எம்.டபிள்யூ. சென்சாடெக் என்பதும் செயற்கைப் பொருள்தான், அதற்குத் தோலை மிருதுவாக வைக்கப் பூசும் லெதர் கண்டிஷனர் வாங்குவது வீண் செலவு. இதற்கு நேர்மாறாக மிக மேல்தட்டுக் கார்கள் சிலவற்றில் அனிலின், செமி அனிலின் என்று டாப் கோட் அனேகமாக இல்லாத அல்லது மிக மெல்லிய கோட் உள்ள தோல் வரும். சீட்டின் கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அப்படியே முத்தாக நின்றால் கோட் அடித்த தோல். ஊறி அந்த இடம் கறுத்தால் கோட் இல்லை, அதில் சாதாரண லெதர் கிளீனரைக்கூட நேரடியாகப் போடாமல் அந்த வகைத் தோலுக்கென்று எழுதியிருப்பதைத் தேடித்தான் வாங்க வேண்டும்.

அல்காண்டாரா இன்னொரு குழப்பம். பார்க்க மான் தோல் மாதிரி இருப்பதால் அதற்கும் லெதர் கிரீம் பூசிவிடுகிறார்கள், ஒரே முறையில் ரோமம் எல்லாம் படிந்து பாய்போல் ஆகிவிடும். அது தோலே இல்லை. 1970இல் ஜப்பானில் டோரே நிறுவனத்தில் கண்டுபிடித்து இத்தாலியில் தயாராகும் துணி, 68 சதவீதம் பாலியெஸ்டர், 32 சதவீதம் பாலியூரித்தேன். தூசியை உறிஞ்சி எடுத்துவிட்டு, பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் மென்மையான பிரஷ்ஷால் ரோமத்தை நிமிர்த்திவிட்டால் போதும்.

காற்று வரும் சீட்டில் ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அதில் எதையும் நேராக ஸ்பிரே செய்யவே கூடாது. கிளீனர் உள்ளே இறங்கினால் கீழே ஃபேன் இருக்கிறது, பல கார்களில் ஆள் உட்கார்ந்திருப்பதை அறியும் சென்சாரும் உண்டு. பிரஷ்ஷிலோ துணியிலோ நுரையாக எடுத்துத்தான் தேய்க்க வேண்டும். கிரீம் போட்டால் ஓட்டை அடைத்துக்கொண்டு வெள்ளைப் புள்ளியாக நிற்கும், அதைக் குச்சியால் ஒவ்வொன்றாக எடுப்பதற்கு எங்கள் பையன்களுக்கு அரை நாள் ஆகிறது. மேற்கூரைத் துணியும் அப்படித்தான், மெல்லிய ஃபோமில் பசையால் ஒட்டியது, நனைத்தால் பசை விட்டுத் தொங்கும். சீட் பெல்ட்டுக்கு மென்மையான சோப்பு நீர் மட்டும், பிளீச்சிங்கோ காரமான கிளீனரோ இழையைப் பலவீனமாக்கும், நன்றாகக் காய்ந்த பிறகுதான் உள்ளே சுருள விட வேண்டும். டச் ஸ்கிரீனுக்கு வீட்டு ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் அமோனியா கலந்த கிளீனர் வேண்டாம், மேலே இருக்கும் பூச்சு போய்விடும், நல்ல மைக்ரோஃபைபர் துணியைத் தண்ணீரில் லேசாக நனைத்தாலே கைரேகை போகும்.

இப்போது நான் முக்கியமாகக் கருதுவது. சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலையிலும் மற்ற இடங்களிலும் சோனாக்ஸ், கோக் கெமி, கலர்லாக் என்று வெளிநாட்டுப் பொருட்கள் கிடைக்கின்றன, நம் நாட்டுத் தயாரிப்புகளும் இருக்கின்றன, எதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் சுத்தம் செய்யும் கடைகள் பலவற்றில் 5 லிட்டர், 20 லிட்டர் கேனில் வாங்கிப் பெயரில்லாத ஸ்பிரே பாட்டிலில் பிரித்து வைக்கிறார்கள். நீலம் கண்ணாடிக்கு, பச்சை சீட்டுக்கு என்று நிறத்தை வைத்துத்தான் பையன்களுக்குத் தெரியும். எத்தனை மடங்கு தண்ணீர் கலந்தது என்று யாருக்கும் தெரியாது. என் மருமகன் காருக்கு இதுதான் நடந்தது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்திருந்தது என்று ஒரு கடையில் விட்டார், திரும்பி வந்தபோது சீட் புதிதுபோல இருந்தது, 3 மாதத்தில் ஓட்டுநர் சீட்டின் ஓரத்தில் நிறம் கையோடு வந்தது. எங்கள் தொழிற்சாலையில் செயற்கை வியர்வையில் நனைத்த ஃபெல்ட் துண்டை வைத்துப் பலமுறை தேய்த்துப் பார்த்து, அந்தத் துண்டில் நிறம் ஒட்டவில்லை என்றால்தான் சரக்கை வெளியே விடுவோம். அப்படித் தேர்வாகி வந்த கோட்டை ஒரே மதியத்தில் போக்கிவிட்டார்கள். அந்தக் கடைப் பையனின் விரல் நுனிகள் வெடித்து உரிந்திருந்ததையும் பார்த்தேன். கையுறை இல்லாமல் நாள் முழுக்க அதே திரவத்தில்தான் வேலை.

பாட்டிலில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், அளவு, மாதம், விலை எல்லாம் அச்சிட வேண்டும் என்று 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளே சொல்கின்றன. பிஹெச் எண்ணையும், எத்தனை மடங்கு தண்ணீர் கலக்க வேண்டும் என்பதையும் விற்பவர்கள் தமிழில் சேர்த்து அச்சிட்டால் என்ன? ஒழுங்கான நிறுவனங்கள் ஒவ்வொரு பொருளுக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் என்று ஒன்று வைத்திருக்கும், அதன் 9ஆம் பகுதியில் பிஹெச் இருக்கும், கேட்டால் தர வேண்டும், தயங்கினால் வாங்காதீர்கள். காரைக் கடையில் விடுகிறவர்களும் எதை வைத்துத் துடைக்கப்போகிறீர்கள், ஒரிஜினல் கேனைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். அதற்கும் மேலே சந்தேகம் இருந்தால் ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் பிஹெச் தாள் கிடைக்கும், ஒரு துண்டை நனைத்தால் அரை நிமிடத்தில் நிறம் சொல்லிவிடும். நாங்கள் எங்கள் கடையில் வருகிற ஒவ்வொரு கேனையும் அப்படித்தான் பார்த்துவிட்டு, பாட்டிலில் அந்தப் பிஹெச் அளவை மார்க்கரால் எழுதி வைக்கிறோம்.

வரும் ஞாயிறு இணைப்பில் அந்த எலுமிச்சை, சோடா, தேங்காய் எண்ணெய், பற்பசைக் குறிப்புகளைத் தோல் சீட்டிலும் டாஷ்போர்டிலும் பயன்படுத்த வேண்டாம் என்று தயவுசெய்து ஒரு திருத்தம் போடுங்கள். ஏற்கெனவே தடவிவிட்டவர்கள் பிழிந்த ஈரத்துணியால் 2, 3 முறை துடைத்து நிழலில் காயவிடட்டும் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தோல் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற வாசகர்,
ராணிப்பேட்டை