பிள்ளைகளோடு தனியே இருக்கும் ஆசிரியர்கள்: இசை ஆசிரியர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கங்களிலிருந்து வந்திருக்கும் ஆசிரியர்களே, பெற்றோரே, எல்லோருக்கும் வணக்கம்.

வழமையான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதம் ஒரு தடவை கூடியது. கடும் மழை பெய்த ஒரு மாதம் மட்டும் கூட முடியவில்லை. விஜயதசமியன்று புதுப் பிள்ளைகளுக்குச் சரளி வரிசை தொடக்கி வைத்தோம். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்காகச் சனிக்கிழமைகளில் பொது வகுப்பு வைத்தோம். பாட்டில் தடுமாறாத பிள்ளைகள்கூட கையில் தாளம் போடச் சொன்னால் தடுமாறுவதைக் கண்டு, பாதி நேரத்தைத் தாளத்துக்கே ஒதுக்கினோம். சங்கத்தின் இரண்டு சுருதிப் பெட்டிகளும் பழுது பார்க்கப்பட்டன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இனி, இந்த வருடம் எங்களை அதிகம் யோசிக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

பங்குனி மாதம் ஒரு தாய் எனக்குப் போன் எடுத்தார். மகளுக்கு எட்டு வயது, வீட்டுக்கு வந்து வயலின் படிப்பிக்க ஒருவர் வேண்டும் என்றார். நான் ஒரு பெயர் சொன்னேன். "அவரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும், சேர்?" என்று கேட்டார். நன்றாக வாசிப்பார், சங்கீத சபையின் கலாவித்தகர் பரீட்சை முடித்தவர், பக்கவாத்தியத்துக்கு எல்லோரும் கூப்பிடுகிறவர் என்றேன். "அது சரி சேர். நான் வேலைக்குப் போனால் வீட்டில் அம்மம்மாவும் பிள்ளையும் மட்டும்தான். அவர் முந்தி எங்கே படிப்பித்தவர், ஏன் அங்கே விட்டவர் என்று தெரியுமா?"

எனக்குத் தெரியாது. மேடையில் பல தடவை கண்டிருக்கிறேன், அவ்வளவுதான். போனை வைத்ததும் உறுப்பினர் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். பெயர், விலாசம், வாத்தியம், தரம், கட்டிய சந்தா. அதற்கு மேல் யாரைப் பற்றியும் ஒரு வரி கிடையாது. என்னைப் பற்றியும் கிடையாது. அந்த ஆசிரியரைப் பற்றிப் பிறகு விசாரித்தேன், எந்தக் குறையும் இல்லை. பிள்ளை இப்போது ஜண்டை வரிசை வாசிக்கிறாள். ஆனாலும் அந்தத் தாய் கேட்ட கேள்வி என் மனதை விட்டுப் போகவில்லை. அடுத்த கூட்டத்திலேயே அதை நிகழ்ச்சி நிரலில் சேர்த்தேன்.

பாடசாலையில் படிப்பிக்கிற ஆசிரியருக்கு நியமனக் கடிதம் உண்டு, மேலே அதிபர் உண்டு, வலயக் கல்வி அலுவலகம் உண்டு. பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று பாடசாலைகளுக்கு 2016இல் கல்வி அமைச்சின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் வந்தது. வீட்டில் வகுப்பு நடத்துகிற எங்களுக்கு மேலே யார் இருக்கிறார்? கேற்றில் ஒரு பலகை தொங்கவிட்டால் வகுப்புத் தொடங்கிவிட்டது. வீடு வீடாகப் போய்ப் படிப்பிப்பவருக்குப் பலகையும் தேவையில்லை. கதவு சாத்திய ஓர் அறையில் ஒரு பிள்ளையோடு வாரத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கிறோம். குருவை எதிர்த்துப் பேசக் கூடாது என்று சொல்லித்தான் அந்தப் பிள்ளையை அனுப்புகிறார்கள். அந்தப் பக்தியை நான் மதிக்கிறேன், அதில் வளர்ந்தவன் நான். அதனால்தான் அதைக் கெட்ட மனம் உள்ள ஒருவர் எவ்வளவு சுலபமாகப் பயன்படுத்தலாம் என்பதும் எனக்குத் தெரிகிறது.

இங்கிருந்து மெல்போர்ன் போன எங்கள் முன்னாள் உறுப்பினர் ஒருவர் ஒரு கூட்டத்தில் சூம் வழியாகக் கலந்துகொண்டார். அவர் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் பிள்ளைகளோடு வேலை செய்பவருக்கு, குற்றப் பின்னணியைப் பார்த்து அரசாங்கம் கொடுக்கும் சோதனை அட்டை வேண்டும். தன் வீட்டில் தனியாகப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவருக்கும் அது பொருந்தும். ஐந்து வருடம் செல்லும், இடையில் புதுக் குற்றம் ஏதும் பதிவானால் மறுபடி பார்த்து அட்டையைப் பறிக்கலாம். அட்டையின் படத்தை எடுத்துக்காட்டி, "முதல் பிள்ளையைச் சேர்க்க முந்தியே இதை எடுத்துவிட்டேன்" என்றார்.

இங்கிலாந்தின் கதை வேறு. அங்கே 2002இல் சோஹம் என்ற ஊரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவரைக் கொன்றவர் ஒரு பாடசாலையின் பராமரிப்பாளர். அவர் மேல் வேறொரு பகுதியில் ஏற்கெனவே பல முறைப்பாடுகள் வந்திருந்தன. அவற்றில் தண்டனை எதுவும் கிடைக்கவில்லை, தகவல் அடுத்த பகுதிக்குப் போகவும் இல்லை. அதைப் பற்றி நடந்த அரசாங்க விசாரணைக்குப் பிறகு, பிள்ளைகளோடு வேலை செய்பவர்களைச் சோதிக்க 2006இல் புதுச் சட்டம் வந்தது. ஆனாலும் சுயதொழிலாக வகுப்பு நடத்துகிற ஆசிரியர் ஒருவர் விரிவான குற்றப் பின்னணிச் சோதனைக்குத் தானே விண்ணப்பிக்க முடியாத நிலை அங்கே நெடுங்காலம் இருந்தது. வேலை கொடுப்பவரோ ஓர் அமைப்போ கேட்க வேண்டும். தனியாளுக்குக் கிடைத்தது அடிப்படைச் சான்றிதழ் மட்டும். இதைக் கேட்டபோது கூட்டத்தில் ஒருவர், "அப்போ எங்களுக்கும் சங்கம்தான் கேட்க வேண்டும்" என்றார். எங்கள் தீர்மானம் அந்த வார்த்தையில் இருந்துதான் தொடங்கியது.

இங்கே என்ன கடதாசி கிடைக்கிறது? ஜீ.எஸ். என்கிற கிராம சேவகரிடம் வதிவிட, நற்சான்றிதழ் எடுக்கலாம், பிரதேச செயலாளர் மேலொப்பம் இடுவார். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்காரருக்குத் திம்பிரிகஸ்யாயப் பிரதேச செயலகம். அப்புறம் வசிக்கிற பகுதிப் பொலிஸ் நிலையத்தில் கேட்கிற பொலிஸ் அறிக்கை. வெளிநாடு போகிறவர்கள் பொலிஸ் தலைமையகத்தில் எடுக்கும் சான்றிதழும் இருக்கிறது. சங்கத்தில் சேர, சேர்ந்தவர் தொடர, முதல் இரண்டையும் காட்ட வேண்டும் என்று நாங்கள் முன்மொழிந்தோம்.

எதிர்ப்பு வந்தது. அதை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. எங்கள் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வடக்கிலும் கிழக்கிலும் இருந்து வந்தவர்கள், அனெக்ஸிலோ வாடகை அறையிலோ இருப்பவர்கள். வாக்காளர் பதிவு இன்னும் ஊரில்தான். இங்குள்ள ஜீ.எஸ். தன் பதிவில் பெயர் இல்லாதவருக்கு எப்படி எழுதிக் கொடுப்பார்? ஒரு கடிதத்துக்காக வகுப்பைக் குழப்பிவிட்டு யாழ்ப்பாணம் போய் வர வேண்டுமா? கேள்வி நியாயமானது.

பொலிஸ் என்ற சொல்லுக்கு வந்த எதிர்ப்பு இன்னும் ஆழமானது. மிருதங்கம் படிப்பிக்கிற மூத்தவர் ஒருவர் எழுந்து, யுத்த காலத்தில் பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் காலி வீதியில் இறங்க முடியாமல் இருந்ததைச் சொன்னார். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர் பொலிஸாரால் பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பப்பட்டதும், மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்ததும் இங்கே யாருக்கும் மறக்கவில்லை. "நான் யார் என்று காட்டக் கடதாசி தூக்கித் திரிந்தது போதும், தம்பி" என்றார் அந்த மூத்தவர். மண்டபத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

பிறகு ஒரு ரீச்சர் எழும்பினார். "ஐயா, அந்தக் கடதாசியை உங்களிடம் கேட்டவர்களுக்கு உங்களில் அக்கறை இல்லை. இதைக் கேட்பது தன் பிள்ளையை உங்களை நம்பி விடுகிற அம்மா" என்றார். மூத்தவர் தலையசைத்தார். அன்றைக்கு முடிவு எடுக்காமல் எழுந்தோம். அவசரப்பட்டு வாக்கெடுப்பு வைக்காதது நல்லது என்றே இப்போதும் நினைக்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்டது இது. எந்த ஊர் ஜீ.எஸ். கொடுத்த சான்றிதழும் ஏற்கப்படும், ஊருக்குப் போகிற விடுமுறையில் எடுத்து வரலாம், ஒரு வருட அவகாசம். பொலிஸ் நிலையத்துக்குத் தனியே போகத் தயங்குகிறவரோடு செயற்குழுவில் இருந்து ஒருவர் கூடப் போவார். இந்த வருடம் நான் நான்கு பேரோடு போனேன். சிங்களம் சரளமாக வராதவர்களுக்கு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தோம். அந்த மூத்தவர் தன் சான்றிதழை ஆவணி மாதம் தானாகவே கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவருக்கு இந்தச் சபை முன் நன்றி சொல்கிறேன்.

கடதாசிகளைச் சங்கம் வைத்திருக்காது. பார்த்து, திகதியை மட்டும் பதிவேட்டில் எழுதி, கையோடு திருப்பிக் கொடுக்கிறோம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் குற்றப் பதிவு பற்றிய தகவலை விசேட கவனம் வேண்டிய தரவாகச் சொல்கிறது. என் வீட்டு அலுமாரியில் அடுக்கி வைக்கிற பொருள் அல்ல அது.

ஆனால் கடதாசி மட்டும் போதும் என்று யாராவது நினைத்தால் அது பெரிய ஆபத்து. பிடிபட்டு, வழக்காகி, தீர்ப்பு வந்தவரைத்தான் கடதாசி காட்டும். எங்கள் சமூகத்தில் இப்படியான விஷயம் வழக்குவரை போவதே அரிது. பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்று தாய் தகப்பன் வாயை மூடுகிறார்கள். ஆசிரியர் பேசாமல் இடம் மாறுகிறார், அடுத்த ஒழுங்கையில் இன்னொரு பலகை தொங்குகிறது. அதனால் சான்றிதழோடு, முந்தைய மாணவரின் பெற்றோர் இருவருடைய தொடர்பும் கேட்கிறோம். நானே போன் எடுத்து, ஏன் வகுப்பை விட்டீர்கள் என்று கேட்கிறேன். பெரும்பாலும் வீடு மாறினோம், ஓ.எல். பரீட்சை வந்தது என்ற பதில்தான் வரும். அந்த இரண்டு நிமிடப் பேச்சுச் சொல்கிற அளவுக்கு எந்த முத்திரையும் சொல்வதில்லை.

வகுப்பு நடத்தும் முறையிலும் சில மாற்றம் கேட்டோம். கதவு திறந்திருக்கட்டும், பெற்றோர் எந்த நேரமும் உள்ளே வரலாம். வில் பிடிக்கும் கையைத் திருத்த வேண்டுமென்றால் முதலில் சொல்லிவிட்டுத் தொடுங்கள், முடிந்தால் உங்கள் கையில் காட்டி விளக்குங்கள். மூச்சைக் காட்டப் பிள்ளையின் வயிற்றில் கை வைக்கவே வேண்டாம், தன் கையைத் தன் வயிற்றில் வைத்துப் பார்க்கச் சொன்னால் போதும். வட்ஸ்அப் தகவல் பெற்றோருடைய நம்பருக்குத்தான் போக வேண்டும். பயிற்சி வீடியோவும் அங்கிருந்துதான் வர வேண்டும். தாளம் பிசகினால் தொடையில் அடிக்கிற பழைய வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அதை இன்றோடு விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முறைப்பாடு வந்தால் என்ன செய்வது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன், இருப்பேன். சங்கம் விசாரிக்காது, இரு பக்கத்தையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசாது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற இலக்கம் இருக்கிறது. இருபத்துநான்கு மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம். பொலிஸின் சிறுவர், மகளிர் பிரிவிடமும் போகலாம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே தண்டனைச் சட்டக் கோவைப்படி குற்றம். பிள்ளையின் பெயர் பேப்பரில் வந்துவிடும் என்று பயப்படும் பெற்றோருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். முறைப்பாடு முடியும்வரை அந்த ஆசிரியரைச் சங்கம் யாருக்கும் சிபாரிசு செய்யாது. பொய்யாக ஒருவர் மேல் பழி விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். விழலாம். பெயரை வெளியே விடாமல் காப்பதும், முடிவு வந்த பிறகு அவரை மரியாதையோடு திரும்ப அழைப்பதும் எங்கள் கடமை. அதையும் விதியில் எழுதியிருக்கிறோம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். எத்தனையாம் தரம் பாஸ், பீஸ் எவ்வளவு என்று கேட்கிறீர்கள். முந்தி எங்கே படிப்பித்தீர்கள் என்றும் கேளுங்கள். நல்ல ஆசிரியர் கோபிக்க மாட்டார்.

அடுத்த வருடம் நவராத்திரிக்குப் பிள்ளைகளின் கூட்டு இசை நிகழ்ச்சி வைக்க எண்ணம், மண்டப வாடகைதான் யோசனை. பொது வகுப்புக்கு வீணை ஆசிரியர் ஒருவர் தேவை. சனிக்கிழமை வகுப்புக்குத் தன் வீட்டுக் கூடத்தைத் தந்த அம்மாவுக்கும், மெல்போர்னில் நள்ளிரவு வரை விழித்திருந்து பேசிய நண்பருக்கும் நன்றி.

திருத்திய விதிகள் இப்போது உங்கள் அங்கீகாரத்துக்கு வருகின்றன. ஜீ.எஸ். சான்றிதழ் இன்னும் தராதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்தியுங்கள். பொலிஸ் நிலையத்துக்குக் கூட வர ஆள் வேண்டியவர்கள் மேசையில் உள்ள தாளில் பெயரையும் வசதியான நாளையும் எழுதிவிட்டுப் போங்கள்.

செயலாளர்
கொழும்பு