217ஆம் அறை வாசலில் நிற்கிறேன், திறப்பைத் தாருங்கள்

மதிப்புக்குரிய நூலகப் பொறுப்பாளர் அவர்களுக்கும் ஆலோசனைக் குழுவில் இருக்கும் பெரியோர்களுக்கும்,

வணக்கம். பேய்க்கதைப் புத்தகங்களைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிய விசயத்தை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பூட்டியது நீங்கள், அறிவித்தல் ஒட்டியதும் நீங்கள். ஆறு கிழமையாக அதற்கு முன்னால் நிற்பது நான். நிற்கிற ஆளின் பக்கத்துக் கதையை மட்டும் எழுதுகிறேன்.

இந்த நூலகத்தில் 19 வருடமாக உறுப்பினராக இருக்கிறேன். வயது 47. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் வளவில் நிற்கும் பத்துப் பன்னிரண்டு ரோசாக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவேன். சனிக்கிழமைகளில் அக்கா வீட்டில் ஒடியல் கூழ். இரவில் குசினி வேலை முடிந்ததும் ஒரு மணித்தியாலம் பேய்க்கதை. இவ்வளவுதான் என் சந்தோசங்கள். முதல் இரண்டையும் இதுவரை யாரும் பூட்டவில்லை.

கடைசியாக நான் எடுத்த புத்தகம் ஸ்டீபன் கிங்கின் 'த ஷைனிங்'. 1977இல் வந்த நாவல். வெளிநாட்டிலிருந்து யாரோ புண்ணியவான் அனுப்பிய பெட்டியில் வந்த ஆங்கிலப் பிரதி, முதுகு கொஞ்சம் கிழிந்தது. கொலராடோ மலையில் பனிக்காலம் முழுக்க மூடிக்கிடக்கும் ஒரு பெரிய ஹோட்டல். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஒரு தகப்பன் மனைவியையும் ஐந்து வயது மகனையும் கூட்டிக்கொண்டு போகிறான். நிலவறையில் பழைய கொதிகலன் ஒன்று. நேரத்துக்கு அழுத்தத்தை இறக்காவிட்டால் வெடிக்கும். 217ஆம் அறைக்குள் மட்டும் போகாதே என்று ஹோட்டல் சமையற்காரர் பையனிடம் சொல்லிவிட்டுப் போகிறார். ஒருநாள் பையன் அந்த வாசலில் போய் நிற்கிறான். திறப்பு அவன் பையில் இருக்கிறது. ஆனாலும் திறக்காமல் திரும்பிவிடுகிறான்.

அவன் திரும்பவும் வருவான் என்று வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். அந்த இடத்தில் எனக்கு 14 நாள் தவணை முடிந்தது. புதுப்பிக்கக் கொண்டுவந்தேன். கவுண்டரில் இருந்த பிள்ளை புத்தகத்தை வாங்கினாள், திகதியைப் பார்த்தாள், எழுந்துபோய் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"அக்கா, இனி இதுகளை வெளியில குடுக்கேலாதாம். ஸ்கூல் பிரின்சிப்பலின்ர கடிதம் வேணுமாம்."

என் பாடசாலை அதிபர் காலமாகிப் பதினைந்து வருடமாகிறது. அவரிடம் நான் கடிதம் வாங்கி வந்தால் அதையும் அந்த அலுமாரிக்குள்தான் வைக்க வேண்டிவரும்.

பிள்ளையில் பிழை இல்லை. அவள் விசாரித்துப் பார்த்துவிட்டு, பெரியவர்கள் என்றால் பொறுப்பாளரிடம் நேரில் கேட்டு வாங்கலாம், திறப்பு அவரிடம்தான், அவர் வியாழக்கிழமைகளில் வருவார் என்று சொன்னாள். சரி, வியாழக்கிழமைதானே என்று நினைத்தேன்.

முதல் வியாழன் உங்களுக்குக் கூட்டம். இரண்டாவது வியாழன் பயிற்சிப் பட்டறை. மூன்றாவது விடுமுறை நாள். அது என் கவனக்குறைவு, கலண்டரைப் பார்த்திருக்க வேண்டும். நாலாவது வியாழன் நீங்கள் இருந்தீர்கள், சிரித்துக் கதைத்தீர்கள், திறப்பு வீட்டில் இருந்தது. ஐந்தாவது வியாழன் திறப்பு வந்தது, ஆனால் நான் வரமுதல் நீங்கள் போய்விட்டீர்கள். ஆறாவது வியாழன் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் அரைநாள் லீவு. ஐந்து கிலோமீற்றர் சைக்கிள். இது சோளகக் காலம், வரும்போது காற்று முகத்தில் அடிக்கும்.

அது கண்ணாடி அலுமாரி என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. மரக்கதவு என்றால் மறந்திருப்பேன். இரண்டாவது தட்டில் இடப்பக்கத்திலிருந்து நாலாவதாக அந்தக் கிழிந்த முதுகு தெரிகிறது. நான் அடையாளத்துக்கு வைத்த பஸ் ரிக்கற் மேலே ஒரு விரல் அளவு நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பையனிடம் திறப்பு இருந்தது, திறக்கப் பயந்தான். எனக்குப் பயமில்லை, திறப்பு இல்லை.

ஐயா, அம்மா, நான் கேட்பது பெரிய விசயம் இல்லை. அலுமாரித் திறப்பைக் கவுண்டரில் வையுங்கள்.

அறிவித்தலில் 'மாணவர் மனநலன் கருதி' என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான். எட்டு வயதுப் பிள்ளை கையில் கிங்கின் நாவலைக் கொடுக்கச் சொல்லி நானும் கேட்கமாட்டேன். ஆனால் எதைப் பூட்டுவது என்று எப்படித் தீர்மானித்தீர்கள் என்பதை அந்தக் கண்ணாடி ஊடாகப் பார்த்துப் பார்த்து எனக்கு விளங்கிவிட்டது. அட்டைப்படம் பார்த்திருக்கிறீர்கள். எலும்புகளைப் பற்றிய மருத்துவ மாணவர் கைநூல் ஒன்று உள்ளே இருக்கிறது, அட்டையில் மண்டையோடு என்பதால். அதைத் தேடி வரும் பிள்ளை எந்த அதிபரிடம் போய்க் கடிதம் கேட்கும்?

அதேநேரம் இலக்கியப் பகுதியில் கலிங்கத்துப்பரணி திறந்த தட்டில் இருக்கிறது. பேய்களெல்லாம் போர்க்களத்துக்கு வந்து, யானைக் கொம்பால் பல் விளக்கி, யானை விலா எலும்பால் நாக்கு வழித்து, பிணத்தைக் கொண்டு கூழ் காய்ச்சிக் குடிக்கின்றன. சனிக்கிழமை அக்கா வீட்டில் கூழ்ப் பானையைச் சுற்றி இருக்கும்போது நான் அதைச் சொன்னால் மச்சான் பிளாவைக் கீழே வைத்துவிடுவார். ஆனால் அந்தப் புத்தகத்தின் அட்டை வெறும் பச்சை நிறம், அதனால் தப்பிவிட்டது. காரைக்கால் அம்மையார் பாட்டில் தன்னைக் காரைக்காற் பேய் என்றே சொல்லிக்கொள்கிறார், அவரும் சமயப் பகுதியில் பத்திரமாக இருக்கிறார். கந்தபுராணத்தில் அசமுகியின் கை வெட்டுப்படுவதைக் கோயில் மண்டபத்தில் பயன் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தகப்பனின் தோளில் ஏறி இருந்து சூரன் தலை விழுவதைப் பார்த்த பிள்ளைகள் அடுத்தநாள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனோம். ஒருவருக்கும் மனநலன் கெட்டதாகத் தெரியவில்லை. கெட்டவர்களுக்குச் சூரனால் கெடவில்லை.

எங்கள் அம்மம்மாவுக்கு ஒரு நூலகமும் தேவைப்படவில்லை. ஒழுங்கை முடக்கில் நின்ற புளியில் முனி இருந்தது, பிள்ளைப்பேறு நடந்த வீட்டைச் சுற்றிக் கொத்திப் பேய் திரிந்தது, இறைச்சிக் கறியை இருட்டில் கொண்டுபோவதென்றால் மேலே கரித்துண்டு ஒன்று வைக்க வேண்டும். இதெல்லாம் தேத்தண்ணியோடு சேர்த்து எங்களுக்குத் தரப்பட்டது. முனி இருந்த புளியை வீதி அகலிப்புக்குத் தறித்துவிட்டார்கள். முனி எங்கே போனது என்று நான் இன்னமும் யோசிக்கிறேன். உங்கள் அலுமாரிக்குள் போயிருக்கலாம், நல்ல இருட்டு.

இதற்கு முன்பும் ஒரு பேய்க்கதை எனக்குப் பாதியில் நின்றிருக்கிறது. அதைச் சொன்னால்தான் என் அவசரம் உங்களுக்குப் புரியும்.

1995இல் எனக்கு 17 வயது. மின்சாரம் போய் ஐந்து வருடம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்ட விளக்கு. வாசிகசாலையில் எடுத்த 'டிராகுலா', மாணவர்களுக்காகச் சுருக்கிய ஆங்கிலப் பதிப்பு. பக்கத்தில் லிப்கோ அகராதி. 1897இல் வெளிவந்த கதை. முழுக்க முழுக்க நாட்குறிப்பும் கடிதமும் தந்தியுமாக வரும். எனக்கு அது மிகவும் பிடித்தது, ஏனென்றால் அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த செய்தி எல்லாமே யாராவது எழுதிக் கொடுத்துவிட்ட கடிதமாகத்தான் வந்தது. புயலுக்குள்ளால் ஒரு கப்பல் விட்பி துறைமுகத்துக்கு வருகிறது. சுக்கானில் தன்னைக் கட்டிக்கொண்டபடி மாலுமித் தலைவன் செத்திருக்கிறான். வேறு ஒரு சீவன் இல்லை. கப்பல் கரை தட்டியதும் பெரிய நாய் ஒன்று பாய்ந்து இறங்கி இருட்டுக்குள் ஓடுகிறது.

அந்த இடத்தில் ஒக்டோபர் 30 வந்துவிட்டது, யுத்தத்தால் வலிகாமத்துச் சனம் வீடுகளை விட்டு இடம்பெயர்ந்த நாள். புத்தகம் விறாந்தை மேசையில். நாங்கள் தென்மராட்சிப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம், மழையில், அந்தச் சனத்துக்குள். நாவற்குழிப் பாலத்தில் நெரிபட்டு நின்றபோது அந்த நாய் எங்கே போயிருக்கும் என்று நான் யோசித்தேன். சொன்னால் அம்மா அடித்திருப்பா. உண்மையில் அன்றிரவு எனக்குத் தாங்கக்கூடியதாக இருந்த பயம் அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் நினைக்கக்கூட முடியாது.

அடுத்த வருடம் திரும்பி வந்தோம். மேசையும் இல்லை, புத்தகமும் இல்லை, வாசிகசாலைக்குக் கூரையும் இல்லை. அந்த நாய் எங்கே போனது என்று அறிய எனக்குப் பதினொரு வருடம் எடுத்தது. அறிய வைத்தது உங்கள் நூலகம்தான். உறுப்பினராகி நான் எடுத்த முதல் புத்தகமே 'டிராகுலா'. அதற்கு நன்றி சொல்லாமல் கோபத்தை மட்டும் எழுதினால் அநியாயம். அதுவும் இப்போது அலுமாரிக்குள் இருக்கிறது, மேல் தட்டில்.

நூலகம் என்ற சொல்லைக் கேட்டதும், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட 1981ஐ இழுக்கிற பழக்கம் எங்கள் ஊரில் உண்டு. நான் இழுக்கப்போவதில்லை. அது நெருப்பு, இது ஒரு சின்னப் பூட்டு. இரண்டையும் ஒன்றாக்கினால் எரிந்த புத்தகங்களுக்கு அவமரியாதை. ஆனால் பூட்டை மாட்டும்போது உங்களில் ஒருவருக்காவது கை கொஞ்சம் தயங்கியிருக்கும் என்று நம்ப எனக்கு விருப்பம்.

இரத்தம் தெறிக்கிற கதைகளை நானும் விரும்புவதில்லை. எனக்குப் பிடித்தது மெதுவாக ஏறுகிற பயம். 1959இல் ஷேர்லி ஜாக்சன் எழுதிய 'த ஹோண்டிங் ஒஃப் ஹில் ஹவுஸ்' நாவலில் பேயின் முகத்தைக் கடைசிவரை பார்க்க முடியாது. கதவில் தட்டுகிற சத்தம் மட்டும்தான். அதை வாசித்த கிழமை எங்கள் வீட்டுப் படலை காற்றில் ஆடினால்கூட விளக்கைப் போட்டேன். மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' 1818இல் வந்தது. எழுதத் தொடங்கும்போது அவருக்கு வயது 18. இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்து, அடுத்த வருடம் ஐரோப்பாவில் கோடையே வராமல் போய், மழைக்கு வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது பிறந்த கதை. அதில் அந்தப் பிறவி ஏழைக் குடும்பமொன்றின் வீட்டுச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்து மொழி கற்கிறது. பிறகு காட்டில் கிடந்த ஒரு பையில் அதற்கு மூன்று புத்தகங்கள் கிடைக்கின்றன. எடுத்து வாசிக்கிறது. ஒருவரும் அதிபரின் கடிதம் கேட்கவில்லை. என்னுடைய நிலைமை அதைவிடக் கொஞ்சம் மோசம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எழுத வந்த இடத்தில் இதையும் சொல்லிவிடுகிறேன். வாசிப்பு மண்டபத்தில் மூன்று காற்றாடியில் ஒன்றுதான் சுற்றுகிறது. குழந்தைகள் பகுதியில் கதைப் புத்தகம் இருந்த தட்டுகளில் இப்போது ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வழிகாட்டிகள். கடந்த மாதம் ஒரு சின்னப் பெடியன் அதில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுததை நான் பார்த்தேன். பிள்ளைகளைப் பயப்படுத்தும் புத்தகங்களைத்தான் பூட்டுவதென்றால் அலுமாரி போதாது, இன்னுமொரு கட்டடம் வேண்டும். மின்சாரப் பட்டியலையும் சேர்த்துப் பூட்டலாம். அது வரும் நாளில் எங்கள் வீட்டில் நடக்கிற அலறலுக்கு ஒரு நாவலும் கிட்ட நிற்காது.

மன்னிக்க வேண்டும். கேட்க வந்ததை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்றால், அட்டையில் சிவப்புப் புள்ளி ஒன்று ஒட்டி, 16 வயதுக்கு மேல் என்று எழுதிவிடுங்கள். கவுண்டரில் இருக்கிற பிள்ளை கெட்டிக்காரி, ஆளைப் பார்த்து வயதை மட்டுக்கட்டுவாள். என்னைப் பார்த்து 'அக்கா' என்றுதானே சொன்னாள். அலுமாரி இருந்துவிட்டுப் போகட்டும், கண்ணாடிக்குப் பின்னால் புத்தகங்கள் தூசி படாமல் இருப்பதும் நல்லதுதான். திறப்பை மட்டும் கவுண்டரில், அந்த லாச்சிக்குள் வைத்துவிடுங்கள். எலும்புப் புத்தகத்தை அதன் சொந்தத் தட்டுக்கு அனுப்பினால் ஒரு மருத்துவ மாணவனின் வாழ்த்தும் கிடைக்கும்.

வருகிற வியாழக்கிழமையும் அரைநாள் லீவு போட்டிருக்கிறேன். மூன்று மணிக்கு வருவேன். நீங்கள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, திறப்பு இருந்தால் போதும். இரண்டாவது தட்டு, இடப்பக்கத்திலிருந்து நாலாவது. பஸ் ரிக்கற்றை மட்டும் தயவுசெய்து எடுத்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தவணைப் பணம் ஒரு சதமும் பாக்கி வைக்காத
உங்கள் வாசகி,
யாழ்ப்பாணம்.