அந்த ஓடு எந்த மண்ணில் கிடைத்தது?

கிரேக்க ஓவியப் பானை ஓடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் உங்களில் ஒருவருடைய கூடத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் ஓட்டின் முன்னால் வெகுநேரம் நின்றேன். கறுப்புப் பூச்சுக்கு நடுவே மண்ணின் செந்நிறத்திலேயே விடப்பட்ட ஒரு கை, ஈட்டியைப் பற்றியிருக்கிறது. முழங்கைக்கு மேலே ஆள் இல்லை. விரல் மடிப்புகளைக்கூட முடி அளவுக் கோட்டில் இழுத்திருக்கிறார் அந்த ஓவியர். கீழே அட்டையில், "ஏதென்ஸ், சுமார் கி.மு. 500. அன்பளிப்பு." அவ்வளவுதான்.

ஏதென்ஸ், அதைச் செய்த ஊர். கிடைத்த ஊர் எது? ஏதென்ஸ் பாண்டங்கள் ஏராளமாக பண்டைய இத்தாலியில் வாழ்ந்த எட்ரஸ்கன் மக்களின் கல்லறைகளிலிருந்து வந்தவை என்பது உங்களுக்குத் தெரியாததா? இது கல்லறையில் வைத்ததா, கோயிலுக்கு நேர்ந்ததா, வீட்டில் புழங்கியதா? தோண்டிய இடம் தெரிந்தால்தானே சொல்ல முடியும்.

என்னை உறுத்தியது அதன் விளிம்பு. ஒரு பக்கம் மழுங்கி, இடுக்கில் மண் அப்பியிருக்கிறது. மறுபக்கம் நேற்று உடைத்த ஓடு போலக் கூராக, பளிச்சென்று இருக்கிறது. அந்தப் பக்கம் எப்போது உடைந்தது, யார் கையில் உடைந்தது? அங்கிருந்தவரிடம் கேட்டேன்; எழுதிக் கேட்கச் சொன்னார். எழுதினேன். மூன்று வாரம் கழித்து ஒரே வரியில் பதில்: "கோப்பில் விவரம் இல்லை." அந்த ஒரு வரியை அட்டையில் போட என்ன தடை?

ஏதென்ஸ் ஓவியர் ஒனெசிமோஸ் டிராய் நகரின் அழிவை வரைந்த கிண்ணத்தை அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகம் 1980-களில் துண்டு துண்டாகத்தான் வாங்கியது. ஒரே கிண்ணத்தின் சில்லுகள் அடுத்தடுத்துச் சந்தைக்கு வருகின்றன என்றால், மீதியை எவரோ கையில் வைத்திருக்கிறார் என்றுதானே பொருள்? அதன் அடிப்பாகத்தில் ஹெர்க்லே தெய்வத்துக்கு (கிரேக்கரின் ஹெராக்ளிஸ்) நேர்ந்ததாக எட்ரஸ்கன் எழுத்து இருந்தது. இத்தாலியின் செர்வேட்டரி ஊரில் அந்தத் தெய்வத்தின் கோயில் இடம் தெரியவந்தது; கிண்ணம் அங்கிருந்து களவுபோனது என்பதற்கு அது தடயமானது. 1999-இல் கிண்ணம் இத்தாலிக்குத் திரும்பியது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1972-இல் பத்து லட்சம் டாலருக்கு வாங்கிய, யூஃப்ரோனியோஸ் என்ற ஓவியரின் ஜாடி இத்தாலிக்குத் திரும்ப 2008 ஆயிற்று. முழு ஜாடிக்கே 36 ஆண்டு என்றால், பெயரில்லாத ஒரு சில்லுக்காக யார் வழக்காடப் போகிறார்கள்? கேட்க ஆளில்லாத பொருளுக்குத்தான் நீங்கள் கூடுதலாகப் பொறுப்பேற்க வேண்டும். கலைப்பொருள் கடத்தலைத் தடுக்க 1970-இல் யுனெஸ்கோ உடன்படிக்கை வந்து இத்தனை காலமான பிறகும் "அன்பளிப்பு" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாவற்றையும் மூடிவைப்பது சரியில்லை.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: எங்கே கிடைத்தது, யாரிடமிருந்து வந்தது, எந்த ஆண்டு வந்தது என்று அட்டையில் எழுதுங்கள். தெரியாவிட்டால் "தெரியாது" என்றே எழுதுங்கள். கூடவே ஓட்டின் முன்புறம், பின்புறம், உடைந்த விளிம்பு மூன்றையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்து எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். அந்தக் கைக்குரிய தோள் வேறொரு நாட்டின் இழுப்பறையில் இருந்தால், அங்கிருப்பவர் பொருத்திப் பார்க்கட்டும்.

தயவுசெய்து இந்த ஆண்டே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கூடங்களுக்குத் தொடர்ந்து வரும் ஒரு பார்வையாளர்