பயிற்சிக்குப் பின் எரிவது எவ்வளவு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் உடற்பயிற்சிக் கட்டுரையில், கடும் பயிற்சிக்குப் பின் 48 மணி நேரம் உடல் கொழுப்பை எரித்துக்கொண்டே இருக்கும் என்று ஒரு வரி வந்திருந்தது. 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்த எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

பயிற்சி முடிந்த பிறகும் உடல் கூடுதலாக எரிக்கிறது என்பது உண்மை. 400 மீட்டர் ஓடி முடித்த பையன் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கால் நின்றிருக்கும், விலா ஏறி இறங்குவது நிற்காது. கழுத்து வியர்வை துடைக்கத் துடைக்க ஊறும். ஓடும்போது பற்றாமல் போன ஆக்சிஜனை உடல் பின்னால் அடைக்கிறது என்று கருதி, 1920களில் பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஏ.வி.ஹில் இதற்கு 'ஆக்சிஜன் கடன்' என்று பெயர் வைத்தார். கடனை அடைப்பது மட்டுமே அல்ல என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். சூடேறிய உடல், தணியாத இதயத் துடிப்பு, ரத்தத்தில் மிஞ்சிய அட்ரினலின் எல்லாமே ஆக்சிஜன் கேட்கின்றன. ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு ஏறத்தாழ 5 கலோரி செலவு.

ஆனால் மொத்தம் எவ்வளவு? பெரும்பாலும் பயிற்சிக்குச் செலவானதில் 6 முதல் 15 சதவீதம்தான். 2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், 45 நிமிடம் கடுமையாக சைக்கிள் மிதித்த இளைஞர்களுக்கு அடுத்த 14 மணி நேரத்தில் சுமார் 190 கலோரி கூடுதலாகச் செலவானது. கிடைத்த கணக்குகளில் இது பெரியது. நம்மைப் போன்றவர்களின் காலை நடைக்கு 30 கலோரிகூடத் தேறாது. வீட்டுக்கு வந்து குடிக்கும் ஒரு டம்ளர் காப்பிக்கே அது காணாது.

என் மைத்துனருக்கு வயது 57, சர்க்கரை நோய் உண்டு. ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் துண்டறிக்கையில் சிவப்பு எழுத்தில் இருந்த அதே '48 மணி நேர'த்தை நம்பிச் சேர்ந்தார். நெய் ரோஸ்ட் வேண்டாமே என்றால், "உள்ளே எரிந்துகொண்டுதானே இருக்கிறது, அத்தான்" என்பார். மூன்று மாதத்தில் இரண்டு கிலோ ஏறியது. முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டது. அவர் மீது எனக்குக் கோபமில்லை. அச்சில் வந்ததை நம்பினார், அவ்வளவுதான்.

உண்மையில் ஓரிரு நாள் நீடிப்பது வேறொன்று. அதைத்தான் உங்கள் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. வேலை செய்த தசை, தீர்ந்துபோன தன் சர்க்கரைக் கையிருப்பை நிரப்பிக்கொள்ள ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் இன்சுலின் சொல்லுக்கும் நன்றாகக் கட்டுப்படுகிறது. இது 24 மணி நேரம், சிலருக்கு 48 மணி நேரமும் நீடிக்கும். நீரிழிவு உள்ளவர்கள் இரண்டு நாளுக்கு மேல் தொடர்ந்து பயிற்சியை விடக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு மாலைப் பயிற்சிக்குப் பின் நள்ளிரவில் சர்க்கரை இறங்கிவிடவும் கூடும். உயிர் சம்பந்தப்பட்ட இந்தச் செய்தியைக் கட்டம் கட்டி வெளியிட வேண்டுகிறேன்.

மைத்துனர் இப்போது இரவுச் சாப்பாடு முடிந்ததும் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கிறார். சில நாட்கள் நானும் கூடப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கும்பகோணம்.