ராணியின் கன்னத்துச் சிவப்பு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். மழை வருகிற மாதிரி மூடிக்கொண்டு நிற்கிறது, ஆனால் பெய்கிற பாட்டைக் காணோம்.

நீ இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் ராணியாக வேஷம் போட்டு வட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களுக்கு அன்றைக்கு "வடிவாயிருக்கு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் சித்தி இருந்தா. அவவுக்கு முன்னால் உன் வேலையில் பிழை பிடிக்க எனக்கு மனமில்லை. இருபத்தெட்டு வருடமாகக் கலியாணப் பொம்பிளைகளை அலங்கரித்து வெளிக்கிடுத்துகிற கை இது, சும்மா இருக்குமா? அதுதான் கடிதம்.

முதலில் மூக்கு. தம்பி, அந்த மூக்கு உன்னுடையது இல்லை என்று பெற்ற எனக்கே கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போனது. 1598இல் எலிசபெத் ராணியை நேரில் பார்த்த ஹென்ட்ஸ்னர் என்ற ஜெர்மன்காரர், மூக்கு கொஞ்சம் வளைவு, உதடு மெல்லிசு, பல் கறுப்பு, தலைமுடி பொய்முடி என்று எழுதி வைத்திருக்கிறாராம். பல் கறுத்ததற்கு ஆங்கிலேயர் சீனியை அள்ளித் தின்பதுதான் காரணம் என்றும் சொல்லியிருக்கிறார். அப்போது ராணிக்கு அறுபத்தைந்து வயது. படங்களில் எங்காவது பல் தெரிகிறதா பார். வாயைத் திறந்து வரைய விடுவாவா!

முகத்தை அச்செடுக்க அல்ஜினேற் பூசினார்கள் என்றாய். எனக்குப் பல்லுக் கட்டியபோது வாய்க்குள் வைத்த அதே பசைதான். கடற்பாசியில் இருந்து எடுப்பது, நாலைந்து நிமிடத்தில் இறுகிவிடும். ஒரு வாய்க்கே எனக்குக் குமட்டியது. நீ மூக்குத் துவாரம் இரண்டை மட்டும் விட்டு முழு முகத்தையும் மூடி, அதற்கு மேலே பிளாஸ்டர் துணியும் சுற்றி, அசையாமல் இருந்திருக்கிறாய். சின்ன வயதில் தலை இழுக்கவே ஒரு நிமிடம் நிற்காத பிள்ளை.

சரி, குறைக்கு வருகிறேன். நெற்றியை உயர்த்திக் காட்ட முடியை மறைத்து மாட்டிய மொட்டை உறையின் விளிம்பு இடது நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் தெரிகிறது. கரைசல் தொட்டு விளிம்பைக் கரைத்திருப்பாய், அதில் பிழையில்லை. மேலே பூசியது ஒரே நிறம், அதுதான் பிழை. உயிருள்ள தோல் ஒரே நிறமாய் இராது. கிட்டப் பார்த்தால் சிவப்பு, மஞ்சள், கொஞ்சம் பச்சை, மண்ணிறம் என்று புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும். பஞ்சால் ஒற்றி ஒற்றி அந்தப் புள்ளிகளைப் போட்டால் விளிம்பு தானாக மறையும். முகப்பருத் தழும்புள்ள பிள்ளைகளுக்கு நான் அப்படித்தான் செய்வேன்.

அதைவிட எனக்குப் பொறுக்காதது அந்த வெள்ளை. நீ பார்த்துச் செய்த ராணியின் ஓவியத்தை, டார்ன்லி படம் என்கிறார்களே, அதை நானும் தேடிப் பார்த்தேன். 1575 அளவில் வரைந்தது, உங்கள் லண்டன் நஷனல் போர்ட்ரெயிட் கலரியில்தான் இருக்கிறது. நீ நேரில் போய்ப் பார்த்தாயோ, போனில் பார்த்தே செய்தாயோ தெரியாது. ஆனால் அந்த முகம் வரைந்த அன்று அவ்வளவு வெள்ளை இல்லை. அதை ஆராய்ந்தவர்களே சொல்கிறார்கள், கன்னத்தில் ரோசாச் சிவப்பு இருந்ததாம். அந்தக் காலத்தில் பூச்சியிலிருந்தும் வேரிலிருந்தும் எடுத்த செஞ்சாயத்தை வெளிச்சம் மெல்ல மெல்லத் தின்றுவிடும். மிஞ்சினதுதான் அந்தப் பேய் வெள்ளை. நீ ராணியைச் செய்யவில்லை ராசா, வெளிறிப்போன படப்பலகையைச் செய்திருக்கிறாய்.

எங்கள் கலியாணப் படம் முன்விறாந்தைச் சுவரில் தொங்குகிறதே, அதையே பார். என் கூறை நல்ல அரக்கு. படத்தில் இப்போது செங்கல் நிறம். நாளைக்கு ஒருத்தி அதைப் பார்த்து எனக்கு வேஷம் கட்டினால் செங்கல் நிறத்தில்தான் சேலை தேடுவாள்.

அந்தக் காலத்துச் சீமாட்டிகள் ஈயத்தை வினாகிரி ஆவியில் வைத்துச் செய்த வெள்ளையைப் பூசிக்கொண்டது உண்மை. தோலைக் கெடுக்கும் நஞ்சு அது. இங்கேயும் என்ன குறைவு? பெயர் தெரியாத வெள்ளையாக்கும் கிரீம்களைப் பூசிக்கொண்டு வருகிறார்கள், அதில் சிலதில் பாதரசம். கலியாணத்துக்கு மூன்று மாதம் முதலே தொடங்கி, தோல் சிவந்து உரிந்த பிறகு என்னிடம் வந்து, "அன்ரி, மறைச்சு விடுங்கோ" என்பார்கள்.

இன்னொன்று. 1562இல் ராணிக்குப் பெரியம்மை போட்டு உயிர் போகிற நிலைக்கு வந்திருக்கிறது. பக்கத்தில் இருந்து பார்த்த மேரி சிட்னி என்ற பெண்ணுக்கும் அது தொற்றி, முகம் முழுக்கத் தழும்பாகிப் போனது. உனக்கு அடுத்த முறை முகம் தேடினால் அவவின் முகத்தைச் செய். என் சின்ன வயதில் எங்கள் ஒழுங்கையில் ஒரு ஆச்சி இருந்தா, அம்மைத் தழும்பு முகம். பிள்ளைகள் பயந்து ஓடுவோம். இப்போது நினைக்க வெட்கமாயிருக்கிறது.

எங்கள் யாழ்ப்பாணத்துக் கடைசி அரசன் சங்கிலியனைச் செய்யப் போவதாகச் சொன்னாய். செய், ஆனால் எதைப் பார்த்து? நல்லூர் முத்திரைச் சந்தியில் குதிரையில் வாளோடு இருக்கிற சிலை 1974இல் வைத்து, 2011இல் திரும்பச் செய்தது. அந்த முகம் சிற்பியின் மனதில் இருந்து வந்தது. 1619இல் பறங்கியர், அதுதான் போர்த்துக்கேயர், ராச்சியத்தைப் பிடித்து அவரைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அவரை நேரில் பார்த்து வரைந்த படம் ஒன்றும் இல்லை. எங்கள் அரசர்களின் காசில்கூட நந்தியும் "சேது" என்ற எழுத்தும், சிலதில் கோடு கோடாக நிற்கிற ஒரு உருவமும்தான், முகம் பிடிபடாது. ஆகவே உன் விருப்பம், ஆர் வந்து பிழை சொல்லப் போகிறார்கள்? மீசையை மட்டும் சினிமா மீசையாக்காதே.

போன மாதம் ஒரு கலியாண வீட்டில் ஒருத்தி, "உங்கட மகன் லண்டனில் பொம்பிளை வேஷம் போடுறாராம்" என்றாள். ஓம் என்றேன், எங்கள் ஐயாவும் போட்டவர் என்றேன். உன் அம்மப்பாவைத்தான். நடிகமணி வைரமுத்து அரிச்சந்திரனாக ஊரூராய் மேடை ஏறிய காலத்தில், ஐயா எங்கள் ஊர் நாடகத்தில் சந்திரமதி. அப்போது பொம்பிளைப் பாத்திரமும் ஆம்பிளைதான். முத்துவெள்ளையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசி, பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் வந்து நின்றால் கிழவிகள் மூக்கைச் சிந்துவார்கள். ஐயாவும் வெள்ளையோடு நிற்க மாட்டார். கன்னத்தில் குங்குமத்தைத் தொட்டுத் தேய்த்துவிட்டுத்தான் மேடைக்குப் போவார். விடிய வீட்டுக்கு வந்து எண்ணெய் போட்டுத் துடைப்பார். காதோரம் மட்டும் இரண்டு நாளைக்குச் சிவப்பு நிற்கும்.

அந்தச் சிவப்பைப் போட்டு ஒருமுறை ராணியைத் திரும்பச் செய்து படம் அனுப்பு. மொட்டை உறை பசைக்கு முகம் எரிந்தால் சொல்லு, அதையும் மறைக்காதே.

விடிய மூன்று மணிக்கு இணுவிலில் ஒரு பொம்பிளைக்கு வெளிக்கிடுத்தப் போக வேண்டும். நல்ல மாநிறப் பிள்ளை, கண் இரண்டும் அப்படி ஒரு வடிவு. தாய் இரண்டு தரம் போன் எடுத்துவிட்டா, வெள்ளையாக்கி விடச் சொல்லி. நான் இன்னும் ஓம் என்று சொல்லவில்லை.

அன்புடன்,
அம்மா